பண்ணைப்புரத்து இசைக்கு அமெரிக்காவில் உரிமை யாருக்கு? 1996-ல் ‘திரும்பி வந்த’ காப்புரிமை: எளிய விளக்கம்

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கும் சிற்றூர் பண்ணைப்புரம். இங்கே பிறந்த இளையராஜா இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ 1976-ல் வெளியானது. இந்தப் படத்தின் காப்புரிமை இந்தியாவில் 2036-ம் ஆண்டு கடைசியோடு முடிந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் பொதுவான கணக்குப்படி 2071 வரை நீடிக்கும்!

ஒரே படம்தான். இங்கே ஒரு கணக்கு, அங்கே 35 வருடம் கூடுதலாக இன்னொரு கணக்கு. அது எப்படி?

இதில் இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. பழைய இந்தியப் படங்களும் பாடல்களும் பல, ஒரு காலத்தில் அமெரிக்காவில் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்தாகக் கிடந்தவை. 1996 ஜனவரி 1-ம் தேதி அந்த உரிமை தானாகவே திரும்பி வந்தது. யாரும் மனு போடவில்லை, வழக்குத் தொடரவில்லை. நம்ம ஊரில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. 2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்தபோதுதான், அனுமதி இல்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட நோட்டீஸ் போனது. அன்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. ‘பாட்டு யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்வி கடல் கடந்தும் துரத்தும் என்பதற்கு அதுவே சாட்சி.

உரிமை எப்படித் திரும்பி வந்தது, அதைப் பதிவு செய்ய வேண்டுமா, கடைசியில் யார் கைக்குப் போகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உரிமை ஏன் போனது?

ஒரு பாட்டையோ கதையையோ உருவாக்கினாலே காப்புரிமை வந்துவிடும். இதுதான் இந்தியாவின் நிலை. இதைப் பதிப்புரிமை என்றும் சொல்வார்கள். ‘பெர்ன் உடன்படிக்கை’ என்ற உலக ஒப்பந்தத்தின் அடிப்படைக் கொள்கையும் இதுதான். இந்தியா 1928 முதல் அதில் இருக்கிறது.

அமெரிக்கா அதில் சேர்ந்ததோ 1989 மார்ச் 1-ம் தேதி. அதுவரை அங்கே சடங்குகள் அதிகம். படைப்பு வெளியாகும்போது வட்டத்துக்குள் ‘சி’ எழுத்து போட்ட குறி, உரிமையாளர் பெயர், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். 1964-க்கு முன் வெளியானவை என்றால் 28-வது ஆண்டில் புதுப்பிக்கவும் வேண்டும். 1978-க்கு முன்பு குறி இல்லாமல் வெளியானால் அங்கே உரிமை போச்சு. 1978-க்குப் பிறகு கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். விட்டுப்போனதை ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்து கொள்ளலாம் என்றார்கள்.

கோடம்பாக்கத்தில் படம் எடுத்து மதுரை, தேனி, கம்பம் தியேட்டர்களுக்குப் பெட்டி அனுப்பியவர்களுக்கு வாஷிங்டன் சட்டம் எதற்கு? அமெரிக்கச் சந்தை என்ற ஒன்றே அன்று யார் கணக்கிலும் இல்லை. அதனால் 1989-க்கு முன் வெளியான நம்ம படைப்புகள் பல அங்கே பாதுகாப்பு இல்லாமல் போயின. ‘அன்னக்கிளி’, ‘16 வயதினிலே’, ‘நிழல்கள்’, ‘முதல் மரியாதை’ எல்லாமே இந்தக் காலத்துப் படங்கள்.

இசைத்தட்டு, கேசட் ஒலிப்பதிவுகளுக்கு இன்னொரு இடி. 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிவான ஒலிப்பதிவுகளுக்கு அன்று அமெரிக்க மத்திய சட்டத்தில் காப்புரிமையே இருக்கவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்து ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

1996 ஜனவரி 1-ல் என்ன நடந்தது?

உலக வர்த்தக அமைப்பு உருவான நேரம். ‘எங்கள் படைப்புகளை நீங்கள் மதிக்க வேண்டும்’ என்று மற்ற நாடுகளிடம் அமெரிக்கா கேட்டது. ‘அப்படியானால் எங்கள் படைப்புகளை நீங்கள் மதித்தீர்களா?’ என்று மற்ற நாடுகள் கேட்டன. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1994 டிசம்பர் 8-ல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட உருகுவே சுற்று ஒப்பந்தங்கள் சட்டம்.

அந்தச் சட்டப்படி, சடங்கு தவறியதால் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிப் போன வெளிநாட்டுப் படைப்புகளுக்கு உரிமை மீட்டுத் தரப்பட்டது. இந்தியப் படைப்புகளுக்கு மீட்பு நாள் 1996 ஜனவரி 1.

‘பொதுச்சொத்தானதை மறுபடி பூட்டி வைப்பது எப்படி நியாயம்?’ என்று அங்கேயே எதிர்ப்பு கிளம்பியது. லாரன்ஸ் கோலன் என்ற இசைக்குழு நடத்துநர் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ‘பீட்டர் அண்ட் தி வுல்ஃப்’ போன்ற படைப்புகளை அதுவரை இலவசமாக வாசித்தவர்கள், இனி காசு கட்ட வேண்டும் என்ற நிலை. ஆனால் 2012 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

எல்லாப் படைப்புக்கும் உரிமை திரும்பியதா?

இல்லை. முக்கியமான நிபந்தனைகள் இவை:

• மீட்பு நாளில் அந்தப் படைப்புக்குச் சொந்த நாட்டில் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கக் கூடாது.
• படைத்தவர்களில் அல்லது உரிமையாளர்களில் ஒருவராவது, படைப்பு உருவான நேரத்தில் தகுதியுள்ள நாட்டின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்திருக்க வேண்டும்.
• வெளியான படைப்பு என்றால், தகுதியுள்ள நாட்டில் முதலில் வெளியாகி இருக்க வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் அமெரிக்காவில் வெளியாகி இருக்கக் கூடாது.
• அமெரிக்காவில் உரிமை போனதற்குக் காரணம் சடங்குத் தவறு, பழைய ஒலிப்பதிவுகளுக்குச் சட்டத்தில் இடமின்மை போன்றவையாக இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். 1996-ல் சொந்த நாட்டில் உயிரோடு இருந்தால் போதும். அதற்குப் பிறகு அங்கே காலம் முடிந்தாலும், அமெரிக்கக் கடிகாரம் தனியாக ஓடும்.

‘பராசக்தி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் வெளியானது. இந்தியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதாவது 2012 கடைசியோடு காலம் முடிந்தது. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியான படைப்புக்கு 95 ஆண்டு. மீட்பு நிபந்தனைகள் பொருந்தினால் அங்கே 2047 வரை உரிமை உண்டு. ‘சொந்த நாட்டில் முடிந்தால் இங்கேயும் முடிந்தது’ என்ற விதியை அமெரிக்கா பின்பற்றுவதில்லை.

‘பழைய படம்தானே, ஃப்ரீயாகப் போடலாம்’ என்று யூடியூப் சேனல் நடத்துபவர்கள் நினைத்தால், இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். மதுரையில் உட்கார்ந்து ஏற்றிய வீடியோவை நியூ ஜெர்சியில் இருப்பவரும் பார்க்கிறார் அல்லவா?

இன்னொன்று. படம் வேறு, பாட்டு வேறு. படத்துக்கு 60 ஆண்டு என்றாலும், பாடல் வரிக்கும் மெட்டுக்கும் இந்தியாவில் எழுதியவர், இசையமைத்தவர் ஆயுள் முழுக்க, பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு.

நடுவில் பயன்படுத்தியவர்கள் கதி?

1996-க்கு முன் ‘பொதுச்சொத்து’ என்று நம்பி, அமெரிக்காவில் நம்ம பாட்டை கேசட் போட்டு விற்றவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் சட்டப்படிதான் செய்தார்கள். ஒரே நாளில் அவர்களைக் குற்றவாளி ஆக்க முடியாது.

அதனால் சட்டம் ஒரு நடுவழி வைத்தது. உரிமையாளர் முதலில் ‘இனி என் உரிமையை அமல்படுத்தப் போகிறேன்’ என்று அறிவிப்பு தர வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்வது. அது எல்லோருக்கும் சேர்த்துச் செல்லும். இன்னொன்று, சம்பந்தப்பட்ட நபருக்கே நேரடியாக அனுப்புவது.

அறிவிப்பு வந்த பிறகு கையில் இருக்கும் சரக்கைத் தீர்க்க 12 மாத அவகாசம் உண்டு. பழைய படைப்பை வைத்து ஏற்கெனவே புதுப் படைப்பு ஒன்று செய்திருந்தால், நியாயமான தொகை கொடுத்துவிட்டு அதைத் தொடரலாம்.

அலுவலகத்தில் தாக்கல் செய்யும் முதல் வழிக்கு 24 மாதம்தான் அவகாசம். இந்தியப் படைப்புகளுக்கு அது 1997 கடைசியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் நேரடி அறிவிப்பு வழி இன்றும் திறந்தே இருக்கிறது. 1996-க்குப் பிறகு புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

சரி, பதிவு செய்ய வேண்டுமா?

உரிமை தானாகவே வந்துவிட்டது. பதிவு செய்யாவிட்டாலும் அது போகாது. வெளிநாட்டுப் படைப்பு என்பதால் வழக்குப் போடக்கூட முன்பதிவு கட்டாயமில்லை.

பிறகு எதற்குப் பதிவு? பணத்துக்காக.

அமெரிக்கச் சட்டத்தில், நஷ்டத்தை ரூபாய், பைசா கணக்காக நிரூபிக்காமலே நீதிமன்றம் இழப்பீடு தரலாம். ஒரு படைப்புக்கு 750 டாலர் முதல் 30,000 டாலர் வரை. வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 1,50,000 டாலர் வரை போகலாம். வக்கீல் செலவையும் கேட்கலாம். ஆனால் இந்தச் சலுகை வேண்டுமானால், மீறல் தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். திருட்டு நடந்த பிறகு பூட்டு வாங்கினால் இது கிடைக்காது.

இப்படித் திரும்பி வந்த உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்றே வாஷிங்டன் அலுவலகத்தில் ‘காட் படிவம்’ என்று ஒரு தனிப் படிவம் உண்டு. படைப்பின் பெயர், படைத்தவர், அவர் எந்த நாட்டவர், முதலில் எங்கே, எந்த ஆண்டு வெளியானது, இப்போதைய உரிமையாளர் யார் என்ற விவரங்களைத் தர வேண்டும். கூடவே படைப்பின் பிரதியும் கட்டணமும்.

படிவத்தில் கடினமான கேள்வி ஒன்றுதான்: உரிமை உங்களுக்கு எப்படி வந்தது?

உரிமை யாருக்குத் திரும்பும்? இங்கேதான் சிக்கலே!

அமெரிக்கா உரிமையைத் திருப்பித் தந்தது. ஆனால் யாருக்கு என்று அது முடிவு செய்யவில்லை. ‘படைப்பின் சொந்த நாட்டுச் சட்டப்படி முதல் உரிமையாளர் யாரோ, அவருக்கே’ என்று சொல்லிவிட்டது. ஆக, கேள்வி சுற்றிச் சுழன்று மறுபடி நம்ம ஊருக்கே வருகிறது.

தோட்டம் வாங்கப் போகிற தேனிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சின்னமனூரில் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது என்றால் முதல் கேள்வி, ‘மூலப்பத்திரம் இருக்கா? வில்லங்கம் பார்த்தாச்சா?’ என்பதுதான். இன்று பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. விற்றவருக்கு அது எப்படி வந்தது என்ற தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும். காப்புரிமையும் அப்படித்தான்.

இந்தியாவில் 1957-ம் ஆண்டுச் சட்டப்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்து எடுக்கும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். படத்துக்காகப் போட்ட மெட்டும் எழுதிய வரியும்கூட அப்படித்தான் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பில் சொன்னது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, சட்ட வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்றானது.

அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்ற இரண்டு இந்திய வழக்குகள்

முதல் வழக்கு ‘ஆராதனா’ (1969) படப் பாடல் பற்றியது. அதிலிருந்து ஒரு துண்டை அமெரிக்க ராப் பாடகர் ‘தி கேம்’ பாடலில், டிம்பலேண்ட் பயன்படுத்திவிட்டார் என்று சரிகம நிறுவனம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தது. 1967-ல் சக்தி ஃபிலிம்ஸுடன் போட்ட ஒப்பந்தம் அது. அதன்படி ஒலிப்பதிவில் நிறுவனத்துக்குக் கிடைத்த காப்புரிமை அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளரே இல்லை என்றான பிறகு வழக்கு ஏது?

இரண்டாவது, இசையமைப்பாளர் பப்பி லஹிரி வழக்கு. ‘ஜோதி’ (1981) படத்துக்காக அவர் போட்ட பாடலை, 2002-ல் அமெரிக்கப் பாடகி ‘ட்ரூத் ஹர்ட்ஸ்’ பாடலில் அனுமதியின்றிச் சேர்த்துவிட்டார்கள். லஹிரி பெயரைப் போடாமல் விற்கக்கூடாது என்று முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது. நம்ம பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் முடிவு வேறு. தயாரிப்பாளருக்காகக் கூலிக்குச் செய்த படைப்பு, எனவே இந்தியச் சட்டப்படி உரிமை லஹிரிக்கு இல்லை என்றானது. இல்லாத உரிமையைச் சொல்லி வழக்கு நடத்தியதற்காக அவரது வழக்கறிஞருக்கு விதித்த அபராதத்தையும் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

இரண்டிலும் வழக்கைக் கவிழ்த்தது எது? பழைய தாள்!

இளையராஜா வழக்குகளில் என்ன நடக்கிறது?

அதே கேள்விதான். 1970, 80-களில் தயாரிப்பாளர், இசைத்தட்டு நிறுவனம், இசையமைப்பாளர் மூவருக்கும் இடையே போட்ட ஒப்பந்தங்கள் எதை எழுதின, எதை எழுதாமல் விட்டன?

எக்கோ நிறுவனத்துடனான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டாக நடந்தது. 2024 ஏப்ரலில் அந்த மேல்முறையீட்டை விசாரித்தபோது, வரி இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரின் பங்கு என்ன என்ற கேள்வியையும் நீதிபதிகள் எழுப்பினார்கள். 536 படைப்புகள் தொடர்பாக சோனி மியூசிக் மும்பையில் தொடர்ந்த வழக்கைச் சென்னைக்கு மாற்றக் கேட்ட மனுவை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில் ‘குட் பேட் அக்லி’ படத்தில் மூன்று பாடல்களைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இந்த வழக்குகளில் வரும் இறுதி முடிவு இந்தியாவோடு நிற்காது. மீட்கப்பட்ட உரிமை யாருக்கு என்பதை அமெரிக்கா நம்ம சட்டத்தைப் பார்த்தே முடிவு செய்வதால், சென்னையிலும் மும்பையிலும் எழுதப்படும் தீர்ப்புகள் வெளிநாட்டு ராயல்டிக்கும் அடிப்படை ஆகலாம்.

இசையமைப்பாளர் மட்டுமா? ‘நிழல்கள்’ (1980) படத்தில் இயக்குநர் பாரதிராஜா, இசை இளையராஜா, பாடலாசிரியராக அறிமுகம் வைரமுத்து. மூவருமே இன்றைய தேனி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள். இவர்களுக்குச் சண்டை போடப் பெயரும் வக்கீலும் உண்டு. ஒன்றிரண்டு படத்துக்குப் பாட்டு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர்கள், ஒரே படம் எடுத்துக் கடனில் மூழ்கிய தயாரிப்பாளர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டிதான் அவர்களுக்கு மூலப்பத்திரம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்யலாம்?

• பழைய ஒப்பந்தம், ரசீது, கடிதம், இசைத்தட்டு உறை, பாட்டுப் புத்தகம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஸ்கேன் எடுத்து வையுங்கள். இசைத்தட்டு உறையில் உள்ள பெயரும் ஆண்டும்கூட ஆதாரம்தான்.

• ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்: எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு. காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டத்தில் விதி இருக்கிறது. ஆனால் 1994 திருத்தம் அமலுக்கு வரும் முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு அந்த விதி பொருந்தாது. அவற்றில் எழுதியிருக்கும் சொல்தான் எல்லாம்.

• உரிமை உங்களிடம் இருக்கிறது என்று உறுதியானால், முதலில் டெல்லியில் உள்ள இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். பாடல் வரி, இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம். எதிர்ப்பு தெரிவிக்க 30 நாள் அவகாசம் தருவார்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனால் நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக நிற்கும்.

• அமெரிக்காவில் படைப்பு உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறது, வருமானம் வர வாய்ப்பு இருக்கிறது என்றால் மட்டும் அங்கே பதிவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் காப்புரிமை தெரிந்த வக்கீலைப் பாருங்கள். உரிமை இல்லாமல் போட்ட வழக்கு எப்படித் திரும்பித் தாக்கும் என்று மேலே பார்த்தோம்.

• இன்று புதிதாகப் பாட்டு எழுதுபவர், குறும்படம் எடுப்பவர் என்றால் ‘உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய தாளுக்கு எவ்வளவு பலம் என்று கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெரியும். திருவிதாங்கூருடன் 1886-ல் போட்ட 999 ஆண்டு குத்தகைப் பத்திரத்தைக் காட்டித்தான் முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு இன்றும் வாதாடுகிறோம். பாட்டுக்கும் அதே கதைதான். உரிமை 1996-லேயே திரும்பி வந்துவிட்டது. அதைக் கையில் வாங்க, எழுதி வைத்த தாள் வேண்டும்.